ஒளியை உண்டு வளரும் பவளம்

பொழுது விடிவதற்கு முன்பு சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குப் பேருந்தில் சென்றிருக்கிறீர்களா? மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம் என்று ஒவ்வொன்றாகக் கடந்து போகையில், இருண்டு கிடக்கும் காடுகரைகளுக்கு நடுவே நீள நீளமான கொட்டகைகளைக் காணலாம். ஊரெல்லாம் உறங்க, அக்கொட்டகைகளில் மட்டும் வரிசையாக விளக்குகள் எரியும். அவை கோழிப் பண்ணைகள். விடியற்காலையில் கோழிக்கு விளக்கு எதற்கு?

இக்கேள்விக்கு விடை தேடப் புறப்பட்டால், அது நம்மைச் சுமார் 200 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கடலுக்கு அழைத்துச் செல்லும். ஏனெனில், கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்க்கும் அறிவியலாரும் இதே போல விளக்கேற்றுகிறார்கள்; நேரம் குறித்து அணைக்கிறார்கள். பண்ணைக் கோழி இடும் முட்டையின் ஓடும், பவளம் கட்டும் கூடும் ஒரே பொருளால் ஆனவை. அதுதான் கால்சியம் கார்பனேட் என்னும் சுண்ணாம்புப் பொருள். ஆனால் இந்த இரண்டு உயிர்களும் ஒளியைப் பயன்படுத்தும் விதம் வேறு. அந்த வேற்றுமையைப் புரிந்துகொண்டால், பவளத்துக்கு விளக்கு அமைக்கும் கலையே நமக்குப் புரிந்துவிடும்.

கடிகாரமும் சோறும்

முதலில் கோழியைப் பார்ப்போம். சேலம், நாமக்கல் பகுதியில் ஜூன் மாதத்தில் பகற்பொழுது சுமார் 12 மணி 45 நிமிடம். டிசம்பரில் அது சுமார் 11 மணி 30 நிமிடமாகக் குறைகிறது. முட்டையிடும் கோழிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 மணி நேர வெளிச்சம் தேவை என்பது பண்ணையாளர்களின் கணக்கு. குறையும் நேரத்தை விளக்கு ஈடு செய்கிறது. கோழியின் மண்டையோட்டை ஊடுருவிச் செல்லும் ஒளி, மூளையின் ஒரு பகுதியைத் தூண்டி, 'பகல் நீண்டுவிட்டது. இனப்பெருக்கக் காலம் வந்துவிட்டது' என்று அறிவிக்கிறது. உடனே சுரப்பிகள் வேலை செய்யத் தொடங்குகின்றன. ஆகவே, கோழிக்கு ஒளி ஒரு கடிகாரம். அதன் உணவு தீவனத் தொட்டியிலிருந்து வருகிறது. ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து தீவனத்தில் கலந்த கிளிஞ்சல் தூளிலிருந்து வருகிறது.

பவளத்தின் கதை அப்படியன்று. பவளத்துக்கு ஒளி கடிகாரம் மட்டுமன்று; அதுவே அதன் சோறு!

இது என்ன விந்தை? பவளம் ஒரு விலங்கு அல்லவா? விலங்கு எப்படி ஒளியை உண்ணும்?

விலங்குக்குள் ஒரு தோட்டம்

பவளம் கல்லுமன்று, செடியுமன்று. அது கடல் தாமரை, சொறிமீன் ஆகியவற்றின் உறவினமான ஒரு விலங்கு. பொட்டுப் போன்ற சிறு உயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கூட்டமாக வாழ்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு வாய். வாயைச் சுற்றி உணர்கொம்புகள். கடல்நீரில் கரைந்திருக்கும் கால்சியத்தை எடுத்துத் தம் அடியில் கல்லாகப் படிய வைத்துக்கொண்டே அவை மேலே மேலே வளர்கின்றன. இப்படிக் கட்டப்பட்டவையே பவளப் பாறைகள்.

அந்த மெல்லிய உடலின் உயிரணுக்களுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் பத்து லட்சம் என்ற அளவில்கூட அவை நெருங்கி வாழும். பவளத்துக்குப் பழுப்பு நிறத்தைத் தருபவை இவைதாம். பாசி ஒளிச்சேர்க்கை செய்து சர்க்கரை முதலிய பொருள்களைத் தயாரிக்கிறது. அதில் பெரும்பகுதியை வீட்டுக்காரரான பவளத்துக்கே கொடுத்துவிடுகிறது. பதிலுக்குப் பவளம் தன் கழிவிலுள்ள நைட்ரஜன் சத்தையும், மூச்சில் வெளியாகும் கரியமில வாயுவையும் பாசிக்குத் தருகிறது. வீட்டின் கழிவுநீரைக் கொல்லையில் நிற்கும் வாழைக்குப் பாய்ச்சி, அந்த வாழையின் காயையே சமைத்து உண்பது போன்ற ஏற்பாடு இது!

இங்கே ஓர் ஐயம் எழலாம். 'மோதிரத்தில் பதிக்கும் செம்பவளத்துக்கும் ஒளி வேண்டுமா?' வேண்டாம். அது வேறு வகை. மத்தியதரைக் கடல் போன்ற இடங்களில் மங்கலான ஆழத்தில் வாழும் அந்தப் பவளத்தின் உடலில் பாசி கிடையாது. நாம் பேசுவது, ஆழம் குறைந்த வெப்பக் கடல்களில் பாறை கட்டும் பவளங்களைப் பற்றி.

ஒளிக்கும் கல் கட்டுவதற்கும் உள்ள தொடர்பைத் தெளிவாக அளந்து காட்டியவர்களுள் ஒருவர் தாமஸ் கோரோ. ஜமைக்காத் தீவில் பணியாற்றிய இவர், கதிரியக்கக் கால்சியத்தைக் கடல்நீரில் கலந்து, பவளம் அதை எவ்வளவு வேகமாகக் கூட்டில் சேர்க்கிறது என்று அளந்தார். வெளிச்சத்தில் வைத்த பவளம், இருட்டில் வைத்ததைவிட வேகமாகச் சுண்ணாம்பைப் படிய வைத்தது. அவருடைய முடிவுகள் 1959-ல் வெளியாயின. பிற்காலத்தில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெளிச்சத்தில் இவ்வேகம் பொதுவாக ஏறத்தாழ மூன்று மடங்கு என்று தெரிந்தது. பாசிக்குக் கிடைக்கும் ஒளியே பவளத்தின் கொத்தனார் வேலைக்குக் கூலி என்று சொல்லிவிடலாம்!

வேலம்பாசி சொல்லும் பாடம்

அப்படியானால், விளக்கை எவ்வளவு பிரகாசமாக வைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று தோன்றுகிறதல்லவா? அவசரப்பட வேண்டாம். ஒரு சோதனை செய்து பார்த்துவிட்டு முடிவுக்கு வருவோம். இதற்குப் பவளமும் வேண்டாம், கடல்நீரும் வேண்டாம். பரமத்தி வேலூர்ப் பக்கத்து வாய்க்காலிலோ, உங்கள் ஊர் ஏரியிலோ கிடைக்கும் வேலம்பாசி போதும். உங்கள் பாடநூல் இதை ஹைட்ரில்லா என்று குறிப்பிடும். பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, கரையோரத்திலேயே பறித்து வாருங்கள்.

அகன்ற கண்ணாடிப் பாத்திரத்தில் தெளிந்த நீரை நிரப்புங்கள். ஒரு லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி ஆப்ப சோடாவைக் கரையுங்கள். கரியமில வாயு கிடைப்பதற்காகத்தான் இது. விரல் நீளமுள்ள வேலம்பாசிக் கொழுந்து ஒன்றைத் தண்ணீருக்குள்ளேயே கூர்மையான கத்தியால் நறுக்கி, வெட்டுவாய் மேலே இருக்கும்படி தலைகீழாக ஒரு கண்ணாடிக் குச்சியில் தளர்வாகக் கட்டி நிறுத்துங்கள். அறையை இருட்டாக்கி, பக்கவாட்டில் ஒரு மேசை விளக்கை வையுங்கள். வெட்டுவாயிலிருந்து குமிழிகள் புறப்படும். இவற்றில் இருப்பது பெரும்பாலும் ஒளிச்சேர்க்கையில் உண்டான பிராணவாயு.

விளக்கை 40 செ.மீ. தொலைவில் வைத்து, ஐந்து நிமிடம் பொறுத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை குமிழிகள் வருகின்றன என்று எண்ணுங்கள். அடுத்து 20 செ.மீ.; அதற்கடுத்து 10 செ.மீ. ஒவ்வொரு தொலைவிலும் மூன்று முறை எண்ணிச் சராசரி காணுங்கள். பழைய குண்டு விளக்காக இருந்தால், வெப்பம் கணக்கைக் கெடுக்காமலிருக்க, விளக்குக்கும் பாத்திரத்துக்கும் இடையே நீர் நிரம்பிய வேறொரு கண்ணாடிப் பாத்திரத்தை வைக்க வேண்டும்.

இப்போது இயற்பியல் பாடத்தை நினைவுகூருங்கள். சிறிய விளக்கிலிருந்து வரும் ஒளியின் செறிவு, தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. தொலைவைப் பாதியாக்கினால் ஒளி நான்கு மடங்காகும்; கால் பங்காக்கினால் பதினாறு மடங்காகும். உங்கள் குமிழிக் கணக்கும் 1, 4, 16 என்று ஏறுகிறதா? தொலைவில் இருந்தபோது ஏறியது போல, விளக்கு நெருங்கி வந்த பிறகு ஏறாது. ஒரு கட்டத்தில் குமிழிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய நின்றுவிடும். செடியின் தொழிற்சாலை முழு வேகத்தில் ஓடுகிறது. இனி எவ்வளவு ஒளியைக் கொட்டினாலும் அதற்குமேல் உற்பத்தி இல்லை.

இந்தச் சோதனையின் உட்பொருள் மூன்று எல்லைகளைப் பற்றியது. முதலாவது, ஈடுகட்டும் எல்லை. இந்த அளவு ஒளியில், பாசி செய்யும் உணவு அதன் மூச்சுக்கே சரியாகிவிடும், மிச்சம் ஒன்றுமில்லை. இரண்டாவது, நிறைவு எல்லை. இதற்கு மேல் ஒளி கூடினாலும் உணவு கூடாது. மூன்றாவது, தீங்கு எல்லை. இதைத் தாண்டினால் மிகையான ஒளி, பாசிக்குள் கட்டுக்கடங்காத வீரியமுள்ள ஆக்சிஜன் பொருள்களை உண்டாக்கி, ஒளிச்சேர்க்கை செய்யும் பொறியையே சேதப்படுத்தும். பவளத் தொட்டிக்கு விளக்கு அமைப்பது என்றால் என்ன? முதல் எல்லைக்கு நன்றாக மேலே, மூன்றாவது எல்லைக்குப் பத்திரமாகக் கீழே ஒளியை நிறுத்துவதுதான்!

எந்த அளவுகோல்? எந்த நிறம்?

ஒளியை அளக்க லக்ஸ் என்ற அலகு உண்டு. கைப்பேசியிலேயே அதை ஓரளவு அளந்துவிடலாம். ஆனால் லக்ஸ் என்பது மனிதக் கண்ணின் சார்பாகப் பேசும் அலகு. நம் கண் பச்சை, மஞ்சள் ஒளியை அதிகமாக உணர்கிறது. நீல ஒளியைக் குறைவாகவே உணர்கிறது. பாசியோ 400 முதல் 550 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஊதா, நீலம், நீலப்பச்சை ஒளியை விரும்பி உறிஞ்சுகிறது. ஆகவே நம் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் நீல விளக்கு, பவளத்துக்குப் பெரிய விருந்தாக இருக்கக்கூடும். நம் கண்ணை நம்பி விளக்கின் அளவைக் கூட்டினால் ஆபத்து!

அதனால் ஆய்வுக்கூடங்களில், ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படக்கூடிய ஒளித்துகள்களை எண்ணும் மானியை நீருக்குள் இறக்கி அளக்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு வினாடிக்கு எத்தனை மைக்ரோமோல் துகள்கள் விழுகின்றன என்பது அதன் கணக்கு. தெளிந்த வானில் உச்சி வெயில் ஏறத்தாழ 2000. தொட்டிகளில் மென்பவளங்களுக்குப் பொதுவாக 50 முதல் 150 வரை வைக்கிறார்கள். கிளைவிடும் கற்பவளங்களுக்கு 200 முதல் 400 வரை. சேலத்து நடுப்பகல் வெயிலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தேவைப்படுவதில்லை என்பதைக் கவனியுங்கள்.

பாசிக்கு நீலத்தின் மேல் இவ்வளவு பற்று ஏன்? சூரிய ஒளி கடலுக்குள் இறங்கும்போது சிவப்பு முதலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. பத்து மீட்டர் ஆழத்தில் சிவப்பு அநேகமாக இல்லை. தெளிந்த கடலில் மிக ஆழம் வரை செல்வது நீலம். கிடைத்ததை உண்டு பழகிய பாசி, நீலத்தைப் பிடிக்கும் நிறமிகளைப் பெற்றுவிட்டது. நம் பண்ணைக் கோழிக்கு நேர் எதிர்! சிவப்பு ஒளிதான் தசையையும் எலும்பையும் எளிதில் ஊடுருவிக் கோழியின் மூளையை எட்டும். கோழிக்குச் சிவப்பு, பவளத்துக்கு நீலம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நீல ஒளிக்கு இன்னொரு மாயமும் உண்டு. பல பவளங்களின் உடலில், நீலத்தையும் புற ஊதாவையும் வாங்கிக்கொண்டு பச்சையாகவும் சிவப்பாகவும் திருப்பி வீசும் புரதங்கள் இருக்கின்றன. பசிபிக் கடலின் நியூ கலிடோனியாத் தீவில் 1956-ல் நூமியா மீன்காட்சியகத்தைத் தொடங்கிய ரெனே காத்தாலா, ஆழ்நீர்ப் பவளங்களைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தபோது அவை வண்ண வண்ணமாக ஒளிர்வதைக் கண்டு உலகுக்கு அறிவித்தார்.

விளக்கைப் பொருத்துவோமா?

தொடக்க காலத்தில் தொட்டிப் பவளங்களுக்குச் சூரியனே விளக்கு. ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், வெயில் படும் தொட்டிகளில் காற்றுக் குமிழிகளை மட்டும் விட்டுப் பவளங்களை வளர்த்த முறையை 1961-ல் எழுதி வெளியிட்டார். பின்னர் குழல் விளக்குகள் வந்தன. அவற்றைவிடச் செறிவான ஒளி தரும் உலோக ஹாலைடு விளக்குகள் வந்தன. இப்போது எல்.இ.டி. விளக்குகளின் காலம். நீல எல்.இ.டி.யை உருவாக்கிய அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கு 2014-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கண்டுபிடிப்பின் பயனைத் தெருவிளக்கு முதல் பவளத் தொட்டி வரை இன்று காண்கிறோம்.

ஓர் ஆய்வுக்கூடத்தில் 60 செ.மீ. உயரமுள்ள பவளத் தொட்டியின் பக்கத்தில் நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். விளக்கை நீர்மட்டத்துக்கு எவ்வளவு மேலே தொங்கவிடலாம்? மிகவும் தாழ்த்தினால் நடுவில் ஒளி குவிந்து எரிக்கும், ஓரங்கள் இருண்டிருக்கும், உப்புநீர் தெறித்து விளக்கு துருப்பிடிக்கும். மிகவும் உயர்த்தினால் ஒளி தொட்டிக்கு வெளியே சிந்தி வீணாகும். எனவே, விளக்கின் வகைக்கேற்ப 20 முதல் 30 செ.மீ. உயரத்தில் தொடங்கி, அளந்து பார்த்துத் திருத்துகிறார்கள்.

வேலம்பாசிச் சோதனையில் கண்ட இருமடி விதி இங்கே அப்படியே பொருந்தாது. நீண்ட விளக்கு, பின்னால் பிரதிபலிப்பான், ஒளியைத் திருப்பியனுப்பும் கண்ணாடிச் சுவர் ஆகியவை கணக்கை மாற்றிவிடும். ஆகையால் கணக்குப் போடுவதோடு நிற்காமல், மேல் அடுக்கு, நடு அடுக்கு, அடித்தளம், நான்கு மூலைகள் என ஒவ்வோரிடத்திலும் மானியை வைத்து அளந்து, ஓர் ஒளி வரைபடம் தயாரிக்கிறார்கள். அதைப் பார்த்து, வெளிச்சம் அதிகம் விரும்பும் கிளைப் பவளத்தை மேலும், மென்பவளத்தைக் கீழுமாக வைக்கிறார்கள். ஒரு பவளம் வளர்ந்து அடுத்ததற்கு நிழல் தரத் தொடங்கினால் மீண்டும் அளவெடுப்பு!

தொட்டியின் அரை மீட்டர் ஆழத்தில் தெளிந்த நீர் விழுங்கும் ஒளி கொஞ்சமே. ஆனால் நாள்பட்ட நீர் தேநீர்போல மஞ்சளித்துப் போனால் அது நீல ஒளியைத் தின்றுவிடும். பிறகு வடிகட்டியில் புதுக் கரி போட்டு நீரைத் தெளிய வைத்தால், விளக்கைத் தொடாமலே பவளத்தின் மேல் விழும் ஒளி கூடிவிடும்! அனுபவசாலிகள் அந்த நாளில் விளக்கைச் சற்றுக் குறைத்து வைப்பார்கள்.

இன்னொரு எச்சரிக்கை, எந்த மீன் தொட்டிக்கும் பொருந்தும். மின்கம்பியை நேராகச் சுவர்ச் செருகிக்குக் கொண்டு போகாமல், செருகிக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டு மேலேற்ற வேண்டும். கம்பி வழியே வடியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், மின்சாரத்தைத் தொடாது.

மணியும் நாளும்

விளக்கு எத்தனை மணி நேரம் எரிய வேண்டும்? சாதாரணமாக 8 முதல் 10 மணி நேரம். காலையில் மெல்லக் கூட்டி, மாலையில் மெல்லக் குறைப்பார்கள். ஒரு நாளைய மொத்த ஒளியை நீங்களே கணக்கிடலாம். செறிவு 200 மைக்ரோமோல். நேரம் 10 மணி, அதாவது 36,000 வினாடி. இரண்டையும் பெருக்கினால் 72,00,000 மைக்ரோமோல். அதாவது சதுர மீட்டருக்கு 7.2 மோல்.

'அப்படியானால் 400 மைக்ரோமோலில் 5 மணி நேரம் கொடுத்தாலும் அதே 7.2 தானே?' என்று கேட்பீர்கள். கணக்கு சரி, விளைவு சரியாகாது. மரவள்ளிக் காட்டுக்குச் சொட்டுநீர்க் குழாய் நாள் முழுவதும் தர வேண்டிய நீரை ஒரே மணி நேரத்தில் திறந்துவிட்டால் என்ன ஆகும்? வேர் குடித்தது போக மிச்சம் வழிந்தோடும். ஒளியும் அப்படித்தான். நிறைவு எல்லைக்கு மேற்பட்ட ஒளி உணவாவதில்லை, அது சுமையாகிறது. இரவும் பவளத்துக்குத் தேவை. இருட்டிய பிறகு பல பவளங்கள் உணர்கொம்புகளை நீட்டி, நீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களைப் பிடித்துத் தின்னும். ஒளி தரும் சர்க்கரையில் இல்லாத சத்துகளை அந்த வேட்டை தருகிறது.

எல்லாவற்றிலும் முக்கியமான விதி, அவசரம் கூடாது என்பது. புதிய விளக்கு மாட்டினாலும், பவளத்தை இடம் மாற்றினாலும், முதலில் ஒளியைப் பாதியளவு அல்லது அதற்கும் கீழே வைத்து, வாரத்துக்குச் சிறிது சிறிதாகப் பல வாரங்களில் ஏற்றுகிறார்கள். பாசி தன் நிறமியின் அளவைத் திருத்திக்கொள்ள நாள் பிடிக்கும். பவளமே அதை நிறத்தால் சொல்லும். ஒளி போதவில்லையென்றால் பாசிகள் நிறமியைப் பெருக்கிக்கொள்ளும், பவளம் கரும்பழுப்பாகும். ஒளி மிகுந்தால் நிறம் வெளிறும். அப்போது விளக்கை உயர்த்துவதா, மங்க வைப்பதா, நேரத்தைக் குறைப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுக் காத்திருப்பதே முறை. மூன்றையும் சேர்த்து மாற்றினால், எது பலித்தது என்பது எப்படித் தெரியும்?

வீட்டில் வளர்க்கலாமா?

இவ்வளவும் படித்த பின், 'நாமும் ஒரு துண்டுப் பவளம் வாங்கி வளர்த்தால் என்ன?' என்ற ஆசை வருவது இயல்பு. ஆனால், இங்கே நின்று யோசிக்க வேண்டும். பாறை கட்டும் பவளங்கள் 2001-ஆம் ஆண்டில் நம் நாட்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு என்ன பாதுகாப்போ, அதே பாதுகாப்பு. கடலிலிருந்து எடுப்பதும், விற்பதும், வாங்குவதும் குற்றம். கரையில் கிடக்கும் உலர்ந்த துண்டைக்கூட நினைவுப் பொருளாகக் கொண்டுவரக் கூடாது.

சட்டம் ஏன் இவ்வளவு கடுமை? நம் ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் வரிசையாக இருந்தன. 1986-ல் அப்பகுதி கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா ஆயிற்று. தீவுகளைச் சுற்றிலும் பவளப் பாறைகள், அலையைத் தடுக்கும் கரைபோல நிற்கின்றன. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகவும் கட்டட வேலைக்காகவும் அந்தப் பாறைகளைப் படகு படகாக வெட்டியெடுத்தார்கள். அரண் போயிற்று; அலை உள்ளே புகுந்தது. விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலில் மூழ்கிவிட்டன. பாறை போலத் திரண்டு வளரும் பவளம் ஆண்டுக்குச் சுமார் 1 செ.மீ. அளவே உயரும். ஒரு கடப்பாரை ஒரு நாளில் பெயர்ப்பதைக் கடல் திரும்பக் கட்ட எத்தனை தலைமுறை ஆகும் என்று நீங்களே கணக்கிடுங்கள்.

ஆனால் வேலம்பாசித் தொட்டி வைக்கத் தடையில்லை. அதில் ஒளியின் தொலைவு, நிறம், நேரம் மூன்றையும் ஒவ்வொன்றாக மாற்றி, ஒரு மாதம் குறிப்பெடுத்துப் பாருங்கள். பவள ஆய்வாளர் செய்யும் அதே வேலையை நீங்கள் சேலத்திலோ திருச்செங்கோட்டிலோ இருந்தபடியே செய்தவர்களாவீர்கள்.

யாரும் உயர்த்த முடியாத விளக்கு

தொட்டிப் பவளம் வெளிறினால் விளக்கை உயர்த்தலாம். கடலில் பவளம் வெளிறினால்?

மன்னார் வளைகுடாவின் பாறைகள் பெரும்பாலும் சில மீட்டர் ஆழத்திலேயே இருப்பவை. கோடையில் கடல்நீர் வழக்கத்தைவிட ஓரிரு பாகை கூடுதலாகச் சூடாகிச் சில வாரங்கள் அப்படியே நின்றால் போதும். பாசியின் தாங்குசக்தி குறைந்துவிடுகிறது. நேற்று வரை உணவாக இருந்த அதே வெயில் இன்று தீங்கு எல்லையைத் தாண்டிவிடுகிறது! ஒளியின் அளவு மாறவில்லை. எல்லைதான் கீழே இறங்கி வந்துவிட்டது. பாசிகள் பவளத்தின் உடலை விட்டு வெளியேறுகின்றன. தசை கண்ணாடி போலாகி, உள்ளிருக்கும் சுண்ணாம்புக் கூடு வெள்ளை வெளேரென்று தெரிகிறது. இதுதான் பவள வெளிறல். சூடு விரைவில் தணிந்தால் பாசி திரும்ப வந்து பவளம் பிழைக்கும். தணியாவிட்டால் பட்டினியால் மடியும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் இந்த வெளிறல் பெரிய அளவில் நிகழ்ந்தது.

1998-ல் உலகின் பல கடல்களில் பவளங்கள் வெளிறியபோது, பசிபிக் கடலின் சொசைட்டித் தீவுகளில் பாதிப்பு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. காரணம் என்ன? அந்தச் சமயத்தில் அங்கே வானம் மேகமூட்டமாக இருந்தது என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். நீர் சூடாகவே இருந்தது. ஆனால் மேகம் ஒளியை மங்க வைத்துக் காத்தது. தொட்டிக்கு அருகில் நிற்கும் ஆய்வாளர் விளக்கைக் குறைப்பது போல, அங்கே இயற்கையே ஒருமுறை விளக்கைக் குறைத்திருக்கிறது!

எப்போதும் மேகம் வரும் என்று நம்பியிருக்க முடியுமா? முடியாது. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல், பவளத் துண்டுகளைக் கடலுக்கு அடியில் சட்டங்களில் கட்டி வளர்த்து, சிதைந்த பாறைகளைச் சீர்படுத்தும் பணியைச் செய்து வருகிறார்கள். எந்த ஆழத்தில், எவ்வளவு தெளிந்த நீரில் துண்டை நடுவது என்பது அவர்களுக்கும் ஒளிக் கணக்குத்தான். ஆனால் கடலைச் சூடாக்குவது, காற்றில் பெருகிவரும் கரியமில வாயு. அதைக் குறைக்காமல் நட்டுக்கொண்டே போவது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவது போல.

நண்பர்களே! அடுத்த முறை விடியற்காலையில் பேருந்திலிருந்து பண்ணை விளக்குகளைப் பார்க்கும்போது, கடலடியில் விடியலுக்குக் காத்திருக்கும் இன்னொரு சுண்ணாம்புக் கொத்தனாரையும் நினைத்துக்கொள்ளுங்கள். கோழிக் கொட்டகையின் விளக்கை அணைக்க ஒரு பொத்தான் உண்டு. பவளத் தொட்டியின் விளக்கை உயர்த்த ஒரு சங்கிலி உண்டு. கடலுக்கு மேல் எரியும் விளக்குக்கு அவை இரண்டும் இல்லை. கடல்நீரின் சூட்டை ஏற்றாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது.

வேலம்பாசிச் சோதனையைத் தொடங்குவதற்கு முன் ஒரு கேள்வி: விளக்குக்கு முன்னால் நீலக் கண்ணாடித் தாளைக் கட்டினால் குமிழிகள் அதிகம் வருமா, பச்சைத் தாளைக் கட்டினால் அதிகம் வருமா? விடையை முதலில் ஊகித்து எழுதி வையுங்கள். பிறகு எண்ணிப் பாருங்கள்!